மூட் கோர்ட்டுக்குப் பேர் குடுத்தாச்சு, 24 நாள் இருக்கு – எங்கேயிருந்து தொடங்க?

தக்கலைப்பிள்ளை | செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். அஞ்சு வருஷ சட்டப்படிப்பில் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். வீட்டிலும் சொந்தத்திலும் வக்கீல் கிடையாது. அப்பா முந்திரி ஆலையில் கணக்கெழுதுகிறார். கோர்ட் என்றால் அவருக்கு பத்மநாபபுரத்தில் ஒரு வரப்புத் தகராறுக்காக வாய்தா வாய்தாவாக அலைந்த ஞாபகம்தான்.

போன வாரம் கல்லூரிக்குள்ளே மூட் கோர்ட் (கற்பனை வழக்கில் மாணவர்கள் வாதாடுகிற போட்டி) தேர்வு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு வேகத்தில் நானும் ரெண்டு தோழிகளும் பேர் கொடுத்துவிட்டோம். "உனக்குத்தான் வாய் நீளம்" என்று என்னை முதல் ஸ்பீக்கர் ஆக்கிவிட்டார்கள். விதிமுறைத் தாளைப் பார்த்ததிலிருந்து ஒரே வெப்ராளம். மெமோரியல், அதாவது எழுத்து வாதம், ரெண்டு தரப்புக்கும் எழுதணுமாம். மெமோரியல் என்றால் கன்னியாகுமரி காந்தி மண்டபம் மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தவள் நான்.

ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். இங்கிலீஷில் வாசித்தால் புரியும், பேச வாய் வராது. கறுப்பு கோட்டு இல்லை. காசு கட்டி வாசிக்கிற சட்டத் தளங்கள் எதுவும் கையில் இல்லை. பஸ்ஸிலேயே தினமும் மூணு மணி நேரம் போய்விடுகிறது. எங்கே தொடங்க? பேரை வாபஸ் வாங்கலாமா என்றும் ஒரு யோசனை.

ஆரல்காற்று | செவ்வாய், இரவு 10.15

வாபஸ் வாங்காதே. நான் கடைசி வருஷம், இதுவரை ஆறு மூட். முதல் மூணில் முதல் ரவுண்டிலேயே வெளியே வந்தவன்.

இன்னைக்கு ராத்திரி தீர்ப்பு ஒண்ணும் தேடாதே. ப்ராபசிஷன் தாளை (போட்டிக்குக் கொடுத்த வழக்குக் கதை) மட்டும் எடு, போனைத் தூரப் போடு. முதல் தடவை கதை மாதிரி வாசி. ரெண்டாம் தடவை தேதிகளை மட்டும் வரிசையாக எழுது. மூணாம் தடவை, கீழே யார் ஜெயிச்சா, யார் மேலே வந்திருக்கா, எந்த கோர்ட், எந்தப் பிரிவில் வந்திருக்கா, கடைசியில் என்ன கேக்குறா என்று பார். ஒவ்வொரு பத்தி எண்ணும் தூக்கத்தில் கேட்டாலும் வரணும்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. முதல் மூட்டுக்கு 31 தீர்ப்பைக் கட்டித் தூக்கிக்கிட்டுப் போனேன். மனுதாரருக்கு நோட்டீஸ் கொடுத்ததாக ப்ராபசிஷனில் எந்தப் பத்தியில் இருக்கு என்று நீதிபதியா பெஞ்சில் இருந்த அம்மா கேட்டாங்க. எனக்குத் தெரியல. 31 தீர்ப்பும் மேசையில் அப்படியே இருந்தது. மிச்சம் இருந்த 9 நிமிஷமும் அந்த அம்மா என்னை நிமிர்ந்தே பாக்கல.

இன்னொண்ணு: கதையில் இல்லாததை நீயாகச் சேர்க்கக் கூடாது. 'ஏழை மீனவர்' என்று தாளில் இல்லாவிட்டால் உன் வாயிலும் 'ஏழை' வரக் கூடாது. சந்தேகம் இருந்தால் விளக்கம் கேட்க ஒரு கடைசித் தேதி கொடுத்திருப்பாங்க, அதுக்குள்ள எழுதிக் கேளு.

கருங்கல்_மக்கா | செவ்வாய், இரவு 10.52

நான் வேற சொல்லுகேன், யாரும் கோவிக்கப்பிடாது. மூட் எல்லாம் கோட்டு போட்ட பள்ளிக்கூட நாடகமாக்கும். நிஜ கோர்ட்டில் எவன் 25 நிமிஷம் உன்னைப் பேச விடுகான்? "என்ன மேட்டர்? கவுண்டர் போட்டாச்சா? ரெண்டு வாரம்" அவ்வளவுதான். அதுக்குப் பதிலா லீவு நாளில் நாகர்கோவிலில் ஒரு நல்ல சிவில் வக்கீல் ஆபீசில் போய் நின்னு கட்டு எடுத்துக் கொடுத்தா, ஒரு பிராது எப்படி எழுதணும்னாவது தெரியும். ஜெயிச்ச கப்பு அலமாரியில தூசி பிடிக்கும், அவ்வளவே.

இரணியல்_வாய்தா | புதன், காலை 6.20

கருங்கல் தம்பி சொன்னதில் பாதி உண்மை. நான் 14 வருஷமா இந்த மாவட்டத்தில் ஓடிக்கிட்டு இருக்கேன். சாட்சி விசாரணையோ, கட்சிக்காரர்கிட்ட உண்மையை வாங்குறதோ மூட்டில் வராது. மூட் என்பது மேல்முறையீட்டு வாதத்துக்கான பயிற்சி. சம்பவம் முடிவாகிப் போச்சு, சட்டம் மட்டும்தான் கேள்வி. ஆனா ரெண்டாவது அப்பீலுக்கு மதுரைக் கிளைக்குப் போய் நிக்கும்போது 'சட்டம் சார்ந்த முக்கியமான கேள்வி' என்று ஒண்ணை ரெண்டு வரியில் எழுதிக் காட்டணும் பாருங்க, சிவில் நடைமுறைச் சட்டம் 100வது பிரிவு, அங்கே மூட் போனவனுக்கும் போகாதவனுக்கும் வித்தியாசம் தெரியும்.

அதோட மோளே, இதுல விருப்பம்னு ஒண்ணு கிடையாது. பார் கவுன்சிலோட 2008 சட்டக்கல்வி விதிப்படி மூட் கோர்ட் பாடத்திட்டத்திலேயே இருக்கு. வருஷத்துக்கு மூணு, ஒவ்வொண்ணுக்கும் 10 மார்க், எழுத்துக்கு 5 வாதத்துக்கு 5. எப்படியும் செய்யத்தான் போற. சும்மா ஒப்பேத்துறதுக்கு இதை உருப்படியா செய்.

என் அவமானத்தையும் சொல்லிடுறேன். மாணவனா இருந்தப்போ எங்களுக்கு வந்த மூட், பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவக் குடும்பத்தில் மகளுக்குச் சொத்தில் பங்கு உண்டா என்பது. நம்ம மாவட்டமே 1956 வரைக்கும் அந்தப் பக்கம்தானே. நான் அண்ணன்மார் தரப்பு. சென்னை உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் தீர்ப்பு ஒண்ணு கிடைச்சது, 1978. 1916ஆம் வருஷத் திருவிதாங்கூர் சட்டம் இன்னும் செல்லும் என்று சொல்லுது. அந்தச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. ஸ்திரீதனம் கொடுத்தாச்சுன்னா அதுவும் இல்ல. எனக்குப் புதையல் எடுத்த மாதிரி. நெஞ்சை நிமித்திக்கிட்டு வாசிச்சேன்.

"கவுன்சல், இது இன்னைக்கும் நிக்குதா?" என்று கேட்டார் பெஞ்சில் ஒருத்தர்.

நிக்குதுன்னு சொன்னேன். 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைப் பூராத் தூக்கிப் போட்டாச்சு. 1951 ஏப்ரல் 1இலேருந்தே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் என்று சொல்லியாச்சு. எங்க வீட்டிலேயே அப்பாவோட அத்தைக்கு அஞ்சு பவுனைப் போட்டு அனுப்பிவிட்டு, சொத்தில் ஒரு சென்ட் கொடுக்கல. அந்தக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு மேரி ராய் தெரியல. பிற்பாடு எந்தத் தீர்ப்பைத் தொட்டாலும் முதலில் அது உயிரோடு இருக்கான்னு பார்க்காம அடுத்த வரி வாசிச்சதில்லை.

தக்கலைப்பிள்ளை | புதன், இரவு 8.30

சார், ரொம்ப நன்றி. வாபஸ் வாங்கவில்லை.

எங்கள் ப்ராபசிஷன் சுருக்கமாக: 'நெய்தல்' என்று ஒரு கற்பனை மாநிலம். அங்கே மானிய டீசல் வாங்கணும் என்றால் மீனவர் துறைமுக வாசலில் முகத்தைக் கேமராவில் பதியணும். பதிவை அரசு 10 வருஷம் வைத்திருக்கும், கேட்டால் போலீசுக்கும் கொடுக்கும். மீனவர் சங்கம் உயர் நீதிமன்றத்தில் தோற்று, 136வது பிரிவில் சிறப்பு அனுமதி வாங்கி உச்ச நீதிமன்றம் வந்திருக்கிறது. மொத்தம் 13 பத்தி. அண்ணே சொன்ன மாதிரி நாலு தடவை வாசித்தேன்.

நான் எழுதிய முதல் இஷ்யூ (கோர்ட் முடிவு செய்ய வேண்டிய கேள்வி): "நெய்தல் மாநில மீனவர்களின் அந்தரங்க உரிமை மீறப்பட்டுள்ளதா?" சரியா?

மூணாவது_ஆள் | புதன், இரவு 9.05

ஸ்பீக்கர்களைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கீங்க. அணியில் மூணாவதா ஒரு பிள்ளை இருக்குமே, ரிசர்ச்சர்? நான் நாலு வருஷமும் ரிசர்ச்சராவே இருந்தவ. மேடையில் ஒரு வார்த்தை பேசினது கிடையாது. வாதம் நடக்கும்போது பெஞ்ச் கேட்ட கேள்விக்குத் துண்டுச்சீட்டில் பத்தி எண் எழுதித் தள்ளிவிட்டது முழுக்க நான்தான். (சீட்டு கொடுக்கலாமா என்று விதியைப் பார்த்துக்கோ தங்கச்சி, சில போட்டியில் ஸ்பீக்கர் மேடைக்குப் போன பிறகு கூடாது.)

காசு கட்டும் தளம் இல்லைன்னு கவலைப்படாதே. இந்தியன் கானூன் இலவசம். உச்ச நீதிமன்றத்தின் சொந்த அறிக்கைத் தொகுப்பு 2023இலிருந்து இ-எஸ்சிஆர் என்று இணையத்தில் இலவசமாகவே இருக்கு. பல தீர்ப்பு தமிழிலும் கிடைக்கும். புரிஞ்சுக்கத் தமிழில் வாசி, மேற்கோள் எடுக்க மட்டும் இங்கிலீஷ் மூலத்துக்குப் போ.

தேடுறதில் ஒரே ஒரு கண்ணி சொல்றேன். கிரிமினல் ப்ராபசிஷன் வந்தா 2024 ஜூலை 1க்கு முன்னாடி நடந்ததா பின்னாடியா என்று முதலில் பாரு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். அதுக்குப் பதிலா வந்த புது பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 482 என்றால் முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528க்குப் போயாச்சு. எங்க ஜூனியர் ஒருத்தன் முன்ஜாமீன் மனுவுக்குள்ள வழக்கை ரத்து செய்யும் தீர்ப்பா அடுக்கி வச்சிருந்தான், எண் ஒண்ணா இருந்ததால!

மெமோரியலை கடைசி ரெண்டு நாளுக்கு வைக்காதே. பொருளடக்கம், ஆதாரப் பட்டியல், அதிகார வரம்பு, சம்பவம், இஷ்யூ, வாதச் சுருக்கம், வாதம், வேண்டுகோள் – இந்த வரிசை எங்கேயும் பெரிசா மாறாது. மாறுறது பக்க எண்ணிக்கை, எழுத்து அளவு, அடிக்குறிப்பு பாணி. அதை மீறினா பெஞ்ச் வாசிக்கும் முன்னாடியே மார்க் போயிடும். அணி எண் மட்டும்தான் இருக்கணும். பேரோ கல்லூரியோ எங்கேயும் வரக் கூடாது. கோப்பின் உள்விவரத்தில் உன் லேப்டாப் பேர் ஒளிஞ்சிருக்கும், அதையும் அழிச்சுட்டு பிடிஎஃப் ஆக்கு. எங்களுக்கு ஒருக்கா இதில்தான் போச்சு.

வாதச் சுருக்கத்தைக் கடைசியா எழுது. இஷ்யூவை முதலிலும் எழுது, கடைசியிலும் எழுது. உன் இஷ்யூவைப் பத்தி ஆரல் சொல்லட்டும்.

ஆரல்காற்று | புதன், இரவு 9.48

சரியில்லை. தப்பும் இல்லை. இந்த இஷ்யூவை எந்த ஊர் ப்ராபசிஷனிலும் ஒட்டலாம், அதுதான் குறை.

7வது பத்தியை எனக்கு அப்படியே எழுதி அனுப்பு. முகப் பதிவை எதன் மூலம் கொண்டுவந்தாங்க?

தக்கலைப்பிள்ளை | புதன், இரவு 9.55

"மீன்வளத் துறை ஓர் அரசாணையின் வழியாக…"

அய்யோ.

ஆரல்காற்று | புதன், இரவு 10.10

ஆமா, அய்யோதான். அரசாணை. சட்டமன்றம் போட்ட சட்டம் இல்லை. நாலு தடவை வாசிச்சும் கண் அதைத் தாண்டிப் போயிருக்கு, எனக்கும் அப்படித்தான் போகும். தனக்குத் தெரிஞ்ச வார்த்தையை (அந்தரங்கம்!) தேடித்தான் கண்ணு ஓடும்.

இப்போ புட்டசாமி தீர்ப்புக்குப் போ. 2017, ஒன்பது நீதிபதி, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு ஒருமித்த முடிவு. அந்தரங்கத்தில் அரசு கை வைக்கணும்னா முதல் படி சட்டம் ஒண்ணு இருக்கணும், அடுத்தது நியாயமான நோக்கம், அதுக்கப்புறம் நோக்கத்துக்குத் தகுந்த அளவு. உன் கதையில் முதல் படியிலேயே அரசுக்குக் கால் வழுக்குது. அரசமைப்பின் 21வது பிரிவில் (உயிர், தனிமனித சுதந்திரம்) 'சட்டம் வகுத்த நடைமுறைப்படி' என்று இருக்கிற 'சட்டம்' என்ற சொல்லில் நீ ஏறி உக்காரணும். 10 வருஷம் வைப்பது, போலீசுக்குக் கொடுப்பது எல்லாம் அளவு பற்றிய கேள்வி. அதை ரெண்டாவது ஸ்பீக்கருக்குக் கொடு.

திரும்ப எழுது.

தக்கலைப்பிள்ளை | வியாழன், காலை 7.35 (பஸ்ஸிலிருந்து)

"சட்டமன்றச் சட்டம் எதுவும் இல்லாத நிலையில், அரசாணை ஒன்றை மட்டும் கொண்டு முகப் பதிவை டீசல் மானியத்துக்கு நிபந்தனையாக்குவது அரசமைப்பின் 21வது பிரிவுக்கு உட்பட்டதா?"

மூணாவது_ஆள் | வியாழன், காலை 7.50

கொள்ளாம். இதுக்கு ஆமா இல்லைன்னு பதில் சொல்ல முடியும் பாரு, அதுக்குத்தான் இஷ்யூ.

கருங்கல்_மக்கா | வியாழன், மதியம் 1.15

நாடகம்னு சொன்னவன்தான், இருந்தாலும் கை அரிக்கி. நான் அரசு தரப்பு. பதில் சொல்லு பாப்பம்.

ராம் ஜவாயா கபூர், 1955. பஞ்சாப் அரசு பள்ளிப் பாடப்புத்தக வியாபாரத்தைத் தானே நடத்தினதுக்கு எதிரா பதிப்பாளர்கள் போட்ட கேசு. சட்டம் போடாமலேயே அரசு நிர்வாகம் காரியம் செய்யலாம்னு அஞ்சு நீதிபதி பெஞ்ச் சொல்லியாச்சு. மானியம் உன் உரிமை கிடையாது, அரசு தருகிற சலுகை. வேணும்னா முகத்தைக் காட்டு, வேண்டாம்னா முழு விலை டீசல் போடு. யாரு கட்டாயப்படுத்தினா? உரிமையே பறிபோகாதப்போ உனக்கு எதுக்குச் சட்டம்?

அதோட 2018 ஆதார் தீர்ப்பு. மானியத்துக்கு பயோமெட்ரிக் கேக்கலாம்னு 4க்கு 1 பெரும்பான்மையில் சொல்லியாச்சு.

தக்கலைப்பிள்ளை | வியாழன், இரவு 9.20

அண்ணே, சாப்பிடும்போது அப்பாவிடம் கதையைச் சொன்னேன். அப்பாவும் அதையேதான் கேட்டார்! "மானியம் வேண்டாம்னா பதிய வேண்டாமே பிள்ளே, அரசாங்கம் என்ன பிடிச்சா கட்டுது?" எனக்கு வாய் அடைத்துப் போய்விட்டது. அம்மாதான் "முழு விலைக்கு டீசல் போட்டா அந்த ஆளு கடலுக்குப் போனாப்பலதான்" என்றாள். அது வாதம் ஆகுமா?

இரணியல்_வாய்தா | வியாழன், இரவு 10.30

அம்மா சொன்னது நல்ல வாதம். ஆனா அதைத் தூக்கி நிறுத்த ப்ராபசிஷனில் ஒரு காலு வேணும். மானியம் இல்லாத டீசலின் விலை, மீனவரின் வருமானம், ஏதாவது பத்தியில் இருக்கா பாரு. இருந்தா, 'வேண்டாம்னு சொல்லும் சுதந்திரம் காகிதத்தில்தான் இருக்கு' என்று நிக்கலாம். இல்லைன்னா விட்டுரு.

ராம் ஜவாயா கபூரை கருங்கல் பாதியில் நிறுத்திட்டான். வேணும்னேதான் நிறுத்தியிருப்பான், எதிர்த்தரப்பு அப்படித்தான் செய்யும். குடிமக்களோட உரிமையில் கை வைக்கணும்னா சட்டம் வேணும் என்பதும் அதே தீர்ப்பிலேயே இருக்கு. அந்தப் பதிப்பாளர்களுக்கு அப்படி ஒரு உரிமை இல்லைன்னு சொல்லித்தான் தோக்கடிச்சாங்க. 2017க்கு அப்புறம் உன் மீனவருக்கு உரிமை இருக்கு. அதே தீர்ப்பு இப்போ உன் கையில்.

ஆதார் தீர்ப்புக்கும் இதே வழி. அங்கே 2016ஆம் வருஷச் சட்டம் ஒண்ணு இருந்தது. உனக்கு எதிரான தீர்ப்பை ஒளிச்சு வைக்காதே. நீயே எடுத்துச் சொல்லி, இங்கே ஏன் பொருந்தாதுன்னு சொல்லு. பெஞ்ச் எடுத்துக் கேட்டு நீ முழிச்சா ஆட்டம் முடிஞ்சது.

கேட்டியா, அப்பாகிட்டத் தினமும் சொல்லு. தமிழில். எந்த இடத்தில் அவர் புருவத்தைச் சுருக்குறாரோ அங்கே உன் வாதத்தில் ஓட்டை.

இங்கிலீஷ் பத்தி கேட்டிருந்தே. கீழ்க்கோர்ட்டில் நம்ம மொழி தமிழ். உயர் நீதிமன்றம் உச்ச நீதிமன்றத்துக்கு 348வது பிரிவு இங்கிலீஷ்னு வச்சிருக்கு, மூட்டும் அதையே பிடிச்சுக்கிட்டுப் போகுது. அது நியாயமா என்பது வேற இழை. இப்போதைக்கு: சின்ன வாக்கியம். ஒரு வாக்கியத்தில் ஒரு சேதி. கேள்வி வந்தா முதல் வார்த்தை 'ஆமா' அல்லது 'இல்லை', பிறகு காரணம். சுத்தி வளைக்கிறவனுக்குத்தான் இலக்கணம் தப்பும். தெரியாததைத் தெரியாதுன்னு ஒரே வரியில் சொல்லிட்டு நகரு. உச்ச நீதிமன்ற அரசமைப்பு பெஞ்ச் விசாரணைகள் 2022 செப்டம்பரிலிருந்து நேரலையா வருது, யூடியூபில் கிடக்கு. பஸ்ஸில் பாட்டுக்குப் பதிலா அதைக் கேளு. பெரிய பெரிய சீனியர்களே எத்தனை தடவை தடுக்கி நிக்குறாங்கன்னு தெரிஞ்சா பயம் போயிரும்.

வேணாட்டு_வேம்பு | வெள்ளி, காலை 11.00

'மை லார்ட்' சொல்லக் கூடாது! பார் கவுன்சில் 2006லேயே விதி கொண்டுவந்தது. உச்ச, உயர் நீதிமன்றத்தில் 'யுவர் ஆனர்' அல்லது 'ஆனரபிள் கோர்ட்', கீழே 'சார்'. வெள்ளைக்காரன் போயி எத்தனை வருஷம்!

கருங்கல்_மக்கா | வெள்ளி, காலை 11.20

அண்ணாச்சி, விதி இருக்கி. மதுரையில போயி ஒருநாள் காது குடுத்துக் கேளுங்க.

ஆரல்காற்று | வெள்ளி, காலை 11.45

சவத்த விடுங்க. போட்டி விதியில் எப்படிக் கூப்பிடணும்னு போட்டிருந்தா அது, இல்லைன்னா ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக் கடைசிவரை அதையே சொல்லு. நடுவில் மாத்தினாத்தான் காதில் உறுத்தும்.

குளச்சல்_அலை | வெள்ளி, இரவு 8.10

கொஞ்சம் தள்ளிப் போறேன், மன்னிக்கணும். சர்வதேச மூட் பக்கம் யாரும் வரலையே? ஜெஸ்ஸப் என்கிற சர்வதேசச் சட்ட மூட் 1960இலிருந்து நடக்குது, நம்ம பக்கத்துப் பிள்ளைகள் அதெல்லாம் டெல்லி பெங்களூர்க்காரங்களுக்குன்னு ஒதுங்கிடுறோம். ஆனா கடல் சட்டம் நமக்குப் பாடப்புத்தகத்தில் படிக்கிற விஷயமா? 2012 பிப்ரவரி 15, 'செயின்ட் ஆன்டனி' படகில் இருந்த ரெண்டு பேரை இத்தாலியக் கப்பலில் இருந்து சுட்டாங்க. ஒருத்தர் நம்ம மாவட்டத்துக்காரர். எங்க வீட்டில் அன்னைக்கு ராத்திரி யாரும் சாப்பிடல.

சுட்ட இடம் கரையிலிருந்து 20.5 கடல் மைல். நாட்டு எல்லைக் கடல் 12இல் முடிஞ்சிடும், 24 வரை ஒட்டிய மண்டலம். இந்த ரெண்டு எண்ணுக்கு நடுவில்தான் அத்தனை வாதமும். கேரளாவுக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் வைக்கணும்னு 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிற்பாடு நடுவர் மன்றம் போய், சுட்ட இத்தாலியச் சிப்பாய்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியாவுக்கு இழப்பீடு உண்டுன்னு 2020இல் வந்தது. 10 கோடி கட்டினதும் 2021இல் வழக்கை முடிச்சாங்க. எல்லாம் பொது ஆவணம். ரெண்டு தரப்புக்கும் நீங்களே மெமோரியல் எழுதிப் பாருங்க. இத்தாலி தரப்புக்கு எழுதும்போது எனக்குக் கை ஓடலை. எழுதி முடிச்சேன்.

தக்கலைப்பிள்ளை | வெள்ளி, இரவு 9.00

குளச்சல் அண்ணே, இதைச் சேமித்து வைத்துக்கொண்டேன். முதலில் இந்த டீசலைத் தாண்டிக்கிறேன்.

தக்கலைப்பிள்ளை | 16 நாள் கழித்து, ஞாயிறு, இரவு 11.40

ரெண்டு மெமோரியலும் வெள்ளிக்கிழமையே அனுப்பியாச்சு. இன்று மாலை கூகுள் மீட்டில் பயிற்சி ரவுண்ட். வாய்தா சார், ஆரல் அண்ணே, கருங்கல் அண்ணே மூணு பேரும் பெஞ்ச். கருங்கல் அண்ணே கேமராவில் கோட்டு போட்டு வந்திருந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

என் பங்கு 11 நிமிஷம். எழுதி வைத்ததில் மூணு பக்கம்தான் போனது, மற்றதெல்லாம் கேள்வி. ராம் ஜவாயாவில் தப்பித்தேன். ஆதாரை நானே எடுத்து வைத்தேன். அடுத்து கரக் சிங்குக்குப் போனேன். 1962இல் முடிவான வழக்கு, போலீஸ் ராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்டிக் கண்காணித்தது. அதற்கு ஆதாரமாக இருந்தது துறை விதி மட்டும், சட்டம் இல்லை, அதனால் செல்லாது என்ற இடத்தை வாசித்தேன். எனக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது என்று சந்தோஷமாக இருந்தேன்.

உடனே கருங்கல் அண்ணே: "கவுன்சல், நீங்க நம்பியிருக்கிற புட்டசாமியே கரக் சிங்கை ரத்து பண்ணியாச்சே. செத்த தீர்ப்பை வச்சுக்கிட்டு என்ன செய்யுகீங்க?"

"பிறகு அதற்கு வருகிறேன்" என்றேன். பிறகு வரவே இல்லை. நேரம் முடிந்துவிட்டது.

ராத்திரி எங்கள் அணியில் மூணு பேரும் போனில் உட்கார்ந்து புட்டசாமியைத் திரும்பப் புரட்டினோம். எங்கள் ரிசர்ச்சர்தான் பிடித்தாள். கரக் சிங் முழுக்கப் போகவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை இல்லை என்று சொன்ன பகுதி மட்டும்தான் போச்சு. சட்டம் இல்லாத கண்காணிப்பு செல்லாது என்ற பகுதி அப்படியே நிற்கிறது. வாய்தா சார் மேரி ராய் கதை சொன்ன நாளிலிருந்து 'உயிரோடு இருக்கா' என்று மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். எவ்வளவு உயிர் என்று பார்க்கவில்லை.

மூணாவது_ஆள் | திங்கள், காலை 6.45

அந்த ரிசர்ச்சர் பிள்ளைக்கு ஒரு சாயாவும் ரசவடையும் வாங்கிக் கொடு. என் கணக்கில்.

இரணியல்_வாய்தா | திங்கள், காலை 7.10

'பிறகு வருகிறேன்' என்ற வார்த்தையைத் தொண்டையிலேயே விழுங்கிரு மோளே. பெஞ்ச் இப்போ கேக்குது, இப்போ பதில். "அந்தப் பகுதி மட்டும்தான், மை லார்ட்" – அஞ்சு வார்த்தைதான் தேவைப்பட்டது. மற்றபடி கொள்ளாம். வேகத்தைக் குறை. மூச்சு விடு. தண்ணி கொண்டு போ. ரிபட்டலுக்கு ரெண்டு நிமிஷம் வச்சிருக்கே, அதில் ரெண்டு பாயின்டுக்கு மேல எடுக்காதே. புதுசா எதுவும் சொல்லாதே, அவங்க சொன்னதுக்கு மட்டும் பதில்.

கவுனும் கழுத்துப்பட்டையும் வக்கீலா பதிஞ்சவங்களுக்குத்தான், நீ கோட்டோட நில்லு. கோட்டு கிடைச்சுதா?

தக்கலைப்பிள்ளை | செவ்வாய், இரவு 8.55

கிடைத்தது சார். மூணாவது வருஷ அக்கா ஒருத்தி கொடுத்தாள். கை நீளமாக இருந்தது, சித்தி மடித்துத் தைத்துத் தந்துவிட்டாள். அப்பா சனிக்கிழமை லீவு போட்டு வந்து பார்க்கலாமா என்று கேட்டார். வரச் சொல்லியிருக்கிறேன்.

இன்று சாயங்காலம் சீட்டுக் குலுக்கினார்கள். முதல் ரவுண்டில் நாங்கள் அரசு தரப்பு.

கருங்கல் அண்ணே, உங்கள் நம்பரை ஒருக்கா தனிச்செய்தியில் அனுப்புங்கள். இன்று ராத்திரியே.